‘லுக்’கும் ‘ஸீ’யும் மாப்பிள்ளையின் அத்தையும்

தமிழில் ‘பார்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முக்கால்வாசி வாழ்க்கையை ஓட்டிவிடுகிறோம். படம் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம். ருசி பார்ப்பது நாக்கு, அதற்கும் இதே சொல்தான். இவ்வளவு தாராளமாக வாழ்ந்து பழகிய பெண்களிடம் போய், ஆங்கிலத்தில் பார்ப்பதற்கு ‘லுக்’ என்று ஒன்றும் ‘ஸீ’ என்று ஒன்றும் இருக்கிறது, இதற்கு அதைப் போட்டால் மார்க் போய்விடும் என்று சொன்னால், அவர்கள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பென்னாகரம் போகிற சாலையில் ஓர் ஊரில், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. வயது இருபத்து மூன்று. இன்னொரு டீச்சரோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கெட்டிக்காரிகள். மனக்கணக்கில் என்னை மிஞ்சுவார்கள். ஆனால் கரும்பலகையைப் பாருங்கள் என்றால், “ஐ ஆம் ஸீயிங் தி போர்டு, டீச்சர்” என்பார்கள். சந்தையில் அம்மாவைப் பார்த்தேன் என்பதற்கு, “ஐ லுக்ட் மை மதர்” என்பார்கள். நான் திருத்துவேன். ஏன் டீச்சர் என்று கேட்பார்கள். ‘லுக்’ வேண்டுமென்றே செய்யும் செயல், ‘ஸீ’ புலன் உணர்வு என்று பயிற்சிக் கல்லூரியில் எழுதிப் போட்டதை அப்படியே ஒப்பிப்பேன். அவர்களும் அதை அழகாக எழுதிக்கொண்டு, மறுநாள் அதே தப்பைச் செய்வார்கள். கோபம் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது, ஏனென்றால் அந்த வரி எனக்கே சரியாகப் புரிந்ததில்லை.

புரிய வைத்தது பஸ் ஸ்டாப். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போவதற்காகப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வேர்க்கடலை மூட்டையோடு இரண்டு பெண்கள். ஒருத்தி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அடுத்தவளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏய், நல்லா பாரு. பஸ்ஸு வருதா?”

“பாத்துக்கிட்டுத்தான நிக்கறேன். ஒண்ணுந் தெரியல.”

பார்ப்பது ஒன்று, தெரிவது ஒன்று. பார்ப்பது நம் வேலை, கண்ணைத் திருப்பினால் முடிந்தது. தெரிவது நம் கையில் இல்லை, அது வந்தால்தான் உண்டு. அவள் ‘லுக்’ செய்துகொண்டுதான் இருந்தாள், ‘ஸீ’தான் ஆகவில்லை. பிறந்ததிலிருந்து என் வாயிலேயே கிடந்த இரண்டு சொற்கள் இவை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்குத்தான் தோன்றவில்லை. பஸ் வந்தது. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு பேரையும் முந்திக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நன்றிகெட்டவள்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பாடத்தை உடனே நடத்தவில்லை. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு என்று எடுத்து வைத்தேன். பெண்கள் பள்ளிகளைப் பார்வையிட வரும் அந்த அம்மாளைப் பற்றி எங்கள் ஆசிரியைகள் அறையில் பேசாத நாள் கிடையாது. மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர், நாங்கள் யாரும் அவரை நேரில் கண்டதில்லை, அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. வந்தால் தலைமையாசிரியை அறைக்கே போகமாட்டாராம். நேராக ஏதாவது ஒரு வகுப்புக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாராம். வாயே திறக்கமாட்டாராம். பாடம் முடிந்ததும் எழுந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பாராம். அவர் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதினால்தான் என் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று தகவல் வந்திருந்தது.

வேலைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரம்மா என்றால், இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு. என் தாய்மாமன் ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையனுக்குப் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் வேலை. எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள், எங்களைப் போலவே காடு கழனி உள்ள குடும்பம். எல்லாம் பொருந்தியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். அம்மா அழுதாள். அப்பா, “வந்து பாக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பேசிக்கலாம் என்று அப்பா சொன்ன எதையும் பின்னால் பேசியதே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வீட்டில் நான் வாயைத் திறந்தால், உனக்கு ஒன்றும் தெரியாது சும்மா இரு என்பார்கள். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் நான் வேறு ஆள். அதை விட்டுவிட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து வண்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

பெண் பார்ப்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறையாகத் தட்டோடு வீட்டுக்கு வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒரு பெரியவள் பெண்ணை எங்காவது வைத்துச் சத்தமில்லாமல் பார்த்துவிடுவாள். கோயில் திருவிழாவில், பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது. பிடிக்கவில்லை என்றால் அப்படியே போய்விடலாம், யாருக்கும் தலைகுனிவு இல்லை. பெண்ணுக்கு மட்டும் தெரியக்கூடாது. நான் ஏற்கெனவே இரண்டு முறை பூசை முடிந்து வரும்போது இப்படிப் பார்க்கப்பட்டுக் கழிக்கப்பட்டவள். இரண்டும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தன. ஒரு முறை நல்ல ஜலதோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்பதாம் வகுப்பு. நான் உள்ளே போய் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். உயரமானவர். கஞ்சி போட்டுத் தேய்த்த கைத்தறிப் புடவை, தடித்த பிரேம் போட்ட கண்ணாடி, கையில் குடை. வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சந்தேகப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது? “குட் மார்னிங் மேடம்” என்றேன். பெண்களும் எழுந்து ராகம் பாடினார்கள். அவர் கம்பீரமாகத் தலையை அசைத்தார்.

அன்றைக்கு நான் நடத்தியதுபோல ஒரு பாடத்தைப் பிறகு நானே நடத்தியதில்லை. எல்லோரையும் ஜன்னல் பக்கம் திருப்பினேன். மலையைப் பாருங்கள், என்ன தெரிகிறது என்றேன். மரம் தெரிகிறது என்றாள் ஒருத்தி. ஆடு தெரிகிறது என்றாள் ஒருத்தி. “எங்க மாமா தெரியறாருங்க டீச்சர், வேலைக்குப் போகாம பாறமேல உக்காந்திருக்காரு” என்றாள் ஒருத்தி. பார்த்தது லுக், தெரிந்தது ஸீ என்றேன். வகுப்பில் ஓர் ஓசை எழுந்தது பாருங்கள், இருட்டில் தடவிக்கொண்டிருந்தவர்கள் கைக்கு விளக்கு அகப்பட்டதுபோல. வீட்டில் கன்னடம் பேசும் பெண் எழுந்து, எங்கள் பேச்சிலும் ‘நோடு’ வேறு, ‘காணுத்தெ’ வேறு என்றாள். தெலுங்கு பேசும் வீட்டுப் பெண்கள் மூன்று பேர், எங்களிடமும் இரண்டு இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு லுக் பண்ண முடியாது டீச்சர், ஆனால் கனவில் ஸீ பண்ணலாம் இல்லையா என்று கேட்டாள் ஒரு வாயாடி. அதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கடைசி பெஞ்சை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தேன். அம்மாள் புத்தகத்தைத் தொடவில்லை. என் பாதத்தைப் பார்த்தார். பின்னலைப் பார்த்தார். நான் பலகையில் எழுதும்போது முதுகில் அவர் கண் இருப்பது தெரிந்தது. எழுத்து சாய்கிறதா என்று பார்க்கிறார்போல என்று நினைத்து நிமிர்த்தி நிமிர்த்தி எழுதினேன்.

பாடம் முடிந்தது. “மேடம், பிள்ளைகளை ஏதாவது கேட்கிறீர்களா?” என்று பணிவாக ஆங்கிலத்தில் கேட்டேன். எல்லோரும் தன்னையே திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவர் எழுந்து முன்னால் வந்தார்.

“ஏங்கண்ணு, உங்க டீச்சரம்மா அடிப்பாங்களா?”

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, “கோவம் வந்தா அடிப்பாங்க. அப்பறம் அவங்களே கூப்ட்டுப் பேசுவாங்க” என்றாள்.

“கோவம் அடிக்கடி வருமா?”

“வருங்க” என்றது வகுப்பு மொத்தமும், ஒரே குரலில்.

“ஒடம்பு கிடம்பு சரியில்லன்னு லீவு போடுவாங்களா?”

“போடவே மாட்டாங்க” என்றார்கள், குறையாகச் சொல்வதுபோல.

கல்வித் துறையில் ஏதோ புதுமுறை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாள் என்னிடம் திரும்பி, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?” என்று கேட்டார். ஒரு பெண் ஓடிப்போய்ப் பானையிலிருந்து கொண்டுவந்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு, “நல்லாருக்குது” என்று சொல்லிக் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நல்லாருந்தது தண்ணீரா, பாடமா, நானா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆசிரியைகள் அறைக்குப் பறந்துபோனேன். தலைமையாசிரியை அங்கேதான் இருந்தார். “இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த வாரந்தானாம். ஜீப்பு ரிப்பேராம்” என்றார். நான் விழித்தேன். “ஆமா, உங்க சொந்தக்காரங்கன்னு ஒரு அம்மா வந்தாங்களே, பொம்மிடியிலருந்து. எந்த வகுப்புன்னு கேட்டாங்க, காட்டி விட்டேன். பாத்தீங்களா?”

பொம்மிடி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. முதலில் ஆத்திரம் வந்தது. என் வகுப்பில், என் பிள்ளைகள் முன்னால், சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆத்திரம் தணிந்ததும் இன்னொன்று உறைத்தது. எனக்கு அடிக்கடி கோபம் வரும் என்று வகுப்பே சாட்சி சொல்லியிருக்கிறது. சரி, பிடிக்காமல் போகட்டும், அது ஒருவகையில் எனக்கு நல்லதுதானே என்றும் தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றியதும் ஏனோ கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. நடந்ததைக் கேட்ட மற்ற டீச்சர்கள் சாயங்காலம் வரை சிரித்து ஓய்ந்தார்கள். மாமன் மறுநாள் சொல்லியனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருகிறார்கள் என்று. நிபந்தனை மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்பினார்.

வியாழக்கிழமை அதே வகுப்பு. பெண்கள் ருசி கண்டுவிட்டார்கள், இதேபோல இன்னொரு ஜோடி வேண்டுமென்று கேட்டதால் ‘ஹியர்’, ‘லிஸன்’ எடுத்துக்கொண்டேன். காதில் விழுவது ஒன்று, காதைக் கொடுப்பது ஒன்று. பாதிப் பாடத்தில் வாசலில் ஓர் அம்மாள். குட்டையானவர். வியர்த்து வழிந்திருந்தார். புடவையில் பஸ் புழுதி, தோளில் துணிப்பை. பேசாமல் உள்ளே நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்த ஆளா! இந்தமுறை சின்னம்மாவா, பெரியம்மாவா? எனக்கு எங்கிருந்து அத்தனை வேகம் வந்ததோ தெரியவில்லை.

“அம்மா, முந்தாநேத்தே ஒருத்தங்க வந்து நல்லா பாத்துட்டுப் போயிட்டாங்க. இன்னும் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வந்து பாருங்க. இது பள்ளிக்கூடம். தயவு செஞ்சு எந்திரிச்சுப் போங்க.”

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போயிடலாம்மா. ஆனா பாக்காம போனா எனக்குச் சம்பளம் குடுக்க மாட்டாங்களே. ஜீப்பு ரிப்பேராகி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருக்கேன்” என்றார்.

ஜீப்பு என்றதும்தான் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது. அவர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, சுத்தமான ஆங்கிலத்தில், முந்தாநாள் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். லுக்கும் ஸீயும் என்றார்கள். எங்கே, இரண்டையும் வைத்து ஒருத்தி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றார். கன்னடம் பேசும் பெண் எழுந்தாள்.

“ஒன் அம்மா கேம், மேடம். ஷீ லுக்ட் அட் அவர் டீச்சர். வாட் ஷீ ஸா, வீ டோண்ட் நோ.”

இன்ஸ்பெக்டரம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் ஆசிரியைகள் அறையின் கதைகளில் அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து நடந்ததையெல்லாம் கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, நிபந்தனை உட்பட. கேட்டு முடித்துவிட்டு, “உங்களுக்கு நல்லபடியா எழுதித் தரேன். அதுல எனக்கு யோசனையே இல்ல. ஆனா நீங்க வேலையில இருப்பீங்களா?” என்றார்.

“தெரியலீங்க மேடம்.”

“தெரிஞ்சுக்கங்க. அடுத்த வருஷம் நான் வர்றப்போ இந்தப் புள்ளைங்களுக்கு வேற யாராவது வந்து, செயல், உணர்வுன்னு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தா எனக்கு வருத்தமா இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, சொந்தக்காரர்கள் சிலர், எல்லோருக்கும் பின்னால் குடையோடு அந்த உயரமான அம்மாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அவர் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர், காட்டு வேலை முழுக்க அவர்தான் பார்க்கிறார் என்று மாமன் சொல்லியிருந்தார். நான் காப்பி கொடுத்தேன். அவரிடம் நீட்டும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்தேன். சாந்தமான முகம். பிடித்திருந்தது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

காப்பி ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்தார். “எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்குதுங்க. வேலைய மட்டும் வுட்டுரணும். அது நாங்க முன்னயே சொன்னதுதான்.”

அப்பா தரையைப் பார்த்தார். மாமன் அப்பாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், ஒன்றும் சொல்லிவிடாதே என்று இருந்தது. நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். ஒரு வகுப்பையே கட்டியாளும் எனக்கு என் வீட்டுக் கூடத்தில் குரல் எழும்பவில்லை.

“தம்பி, செத்த இரு” என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் திரும்பினோம்.

“நான் அந்தப் பள்ளிக்கொடத்துக்குப் போயிருந்தேன். பொண்ணு நடை எப்பிடி, பேச்சு எப்பிடின்னு பாத்துட்டு வரலாம்னுதான் போனேன். அது என்னவோ சொல்லிக் குடுத்துது. எனக்கு ஒரு எழுத்துப் புரியல. ஆனா அத்தன புள்ளைங்களும், ஒண்ணு கூடக் கொட்டாவி வுடாம, அது சொல்றதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு தம்பி, பொய் சொல்லுவானேன். எனக்கு அம்பது வயசு தாண்டிப்போச்சு. நான் ஒரு பேச்சுப் பேசி, வூட்டுல நாலு பேரு வாயத் தொறக்காம கேக்கறது, இதோ, இன்னிக்குத்தான்.”

குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

“அத வுட்டுட்டு வான்னு நான் அதுகிட்டச் சொல்ல மாட்டேன். நீ சொல்றதா இருந்தா, என்னய வூட்டுல வுட்டுட்டு வந்து சொல்லு.”

மாப்பிள்ளையின் அப்பா அக்காவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவரை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். பிறகு டம்ளரை எடுத்து, ஆறிப்போயிருந்த காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “அக்கா சொன்னா சரிதானுங்க” என்றார். மாப்பிள்ளை மெதுவாக, தருமபுரியில் வீடு பார்த்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பஸ் வசதி என்றார். ஆக, அவர் அதை முன்பே யோசித்து வைத்திருக்கிறார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

உள்ளே வந்து என்னைத் தேடிப் பிடித்தார் அத்தை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை அப்படி அழைத்தேன். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். வெளியே யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“அன்னிக்கு என்ன கண்ணு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்த? எனக்கும் ஒருக்காச் சொல்லேன்.”